பெண் கேட்டுப் போனது

வந்த அன்றைக்கே தப்பு செய்தாள் மாரிவிக்.
அப்பா காலில் விழு என்று நான் கண்ணைக் காட்ட,
குனிந்து, அவர் கையை எடுத்து
தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.
மாமனார் கையை மருமகள் தொடுவதா.
சிங்காரத்தோப்பில் இரண்டு நாள் இதே பேச்சு.
அப்பா சாயங்காலம் வரைக்கும்
அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
வேட்டி மடிப்புக்குள் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

பெயரைப் பாதியாக்கி மாரி என்றோம்.
பெயர் வாய்க்கு வந்துவிட்டது,
ஆள் வரவில்லை.
கொல்லையில் கொதிகஞ்சி கொட்டும் முன்
“தாபி, தாபி” என்பாள்.
யாரிடம் சொல்கிறாய் என்றேன்.
கண்ணுக்குத் தெரியாதவர்கள் யாராவது இருப்பார்கள் அண்ணி,
சுடுமே, ஒதுங்கச் சொல்கிறேன் என்றாள்.
வாழையடியில் யாரிருக்கிறார்கள் என்று சிரித்தேன்.
அதற்கப்புறம் நானும்
ஒரு நொடி நின்றுதான் கொட்டுகிறேன்.

பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து
பச்சைமிளகாயைக் கை நிறைய அள்ளிப் போடுவாள்.
தின்றேன்.
நன்றாக இருந்தது.
சொல்லவில்லை.

தானே அடித்த மறுநாள் விடியவில்லை இன்னும்.
அரிசியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு
கூரை போன வீடுகளுக்கு அவள்தான் முதலில் நடந்தாள்.
யார் கூப்பிட்டார்கள் உன்னை என்றேன்.
கூப்பிடும்வரை விடுவதுதான் சுபோக் என்றாள்.
அவர்கள் பாஷையில் வெட்கம்.
நம் வெட்கம் கேட்பவனுக்கு.
அவர்கள் வெட்கம் கேட்கவிட்டவனுக்கு.

கடைசி வாரத்தில் அப்பாவுக்குப் பேச்சு நின்றது.
அவள் அறைக்குள் வந்தால் மட்டும்
கை தானாக மேலே வரும்.
நெற்றி வந்து தொடும்வரை
இறங்காது.

சாவு வீட்டில் இவள் என்ன செய்வாளோ என்று பயந்திருந்தேன்.
வந்தவர்கள் சொல்லாமல் எழுந்து போனார்கள்.
இவளும் வாசல்வரை போகவில்லை,
விளக்குமாற்றைத் தொடவில்லை.
யார் சொன்னது உனக்கு?
எங்கள் அல்பாயிலும் இப்படித்தான் அண்ணி.

அன்று ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே,
உப்பு தீர்ந்தது என்பது போலச் சொன்னாள்:
அங்கே மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வருவார்கள்.
பமலாயே என்று பெயர்.
அம்மா பக்கத்து வீட்டில்
நாற்காலி ஆறு இரவல் வாங்கிப் போட்டிருந்தாள்.
யாரும் வரவில்லை.

கேட்காமல் வந்தவள் என்று
ஊரில் முதலில் சொன்ன வாய் என்னுடையது.

வருஷத் திவசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை
தட்டெடுத்தேன்.
வெற்றிலை, பாக்கு, பூவன்பழம், மஞ்சள், ஒரு தேங்காய்.
சொம்பில் சாய்த்து வைத்த போனுக்குள்
கொராசோன் அம்மாள் பூப்போட்ட சட்டையில்,
பக்கத்தில் அத்தைகள் ஐந்து பேர்,
பின்னால் புகையும் மலை.
பாக்கைப் பார்த்ததும் அம்மாளுக்குக் கண் விரிந்தது.
அவள் பாட்டன் காலத்தில் அங்கேயும் அதுதானாம்.

அஞ்சலாட்சி, கலிவரதன் அக்கா,
உங்கள் பெண்ணை எங்கள் பையனுக்குக் கேட்டு வந்திருக்கிறேன் என்றேன்.
மாரி மொழிபெயர்த்தாள்.
பாதியில் குரல் நின்று, மீண்டும் தொடங்கி மொழிபெயர்த்தாள்.

பையன் தண்ணீர் சுமப்பானா?
கப்பல் எஞ்சினோடு மல்லுக்கட்டிய நாற்பத்தாறு வயசுப் பையன்
தொப்பையோடு, முட்டிவலியோடு
தெருக்குழாயிலிருந்து இரண்டு குடம் கொண்டுவந்தான்.
விறகு பிளப்பானா?
கேஸ் வீட்டில் விறகேது,
பழைய கட்டில் கால் ஒன்றைப் பிளந்து காட்டினான்.
அவன் பிள்ளைகள் இரண்டும் தரையில் உருண்டு சிரித்தன.

அங்கே ஆறு பேரும் தலைகூடிப் பேசினார்கள்.
அம்மாள் தொண்டையைச் செருமினாள்.

முதல் தடவையே சரி என்றால்
பெண்ணுக்கு மரியாதை இல்லையாம்.
யோசிக்க வேண்டுமாம்.
அடுத்த ஞாயிறு வரச் சொன்னாள்.

தேங்காயை உடைக்கவில்லை.
பூவன்பழம்தான் தாங்காது,
வேறு வாங்க வேண்டும்.